தென்னாப்பிரிக்க பேஸ்பால் வீரர்கள்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜோகன்னஸ்பர்க்கின் வடக்குப் பகுதியில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை பேஸ்பால் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடும் தமிழ்ப் பெற்றோர்களில் நானும் ஒருவன். மெல்ரோஸ் முருகன் கோயில் வாசலில், பிறந்தநாள் விருந்துகளில், டர்பனிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில், ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் தாத்தா பாட்டிகளிடம் என எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

"தம்பி, இது கிரிக்கெட்டைத்தான் அமெரிக்கர்கள் மாற்றி ஆடுகிறார்கள், இல்லையா?"

மட்டையும் பந்தும் பொது. அதற்கு மேல் ஒற்றுமை குறைவு. அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை மட்டை பிடிக்கலாம். பிட்ச்சர் 18.44 மீட்டர் தூரத்திலிருந்து பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிகிறார். கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கலாம். இங்கே எல்லைக்கோடுகளுக்குள் பந்து போய்விட்டால் ஓடியே தீர வேண்டும். ஓடிச் சேர வேண்டிய முதல் நிலை, அதாவது முதல் பேஸ், 27.43 மீட்டர் தள்ளி இருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பத்து முயற்சியில் மூன்று முறை வெற்றிகரமாக அடித்து பேஸை அடைந்துவிட்டால் அவர் மிக நல்ல மட்டையாளர். அதை .300 என்று எழுதுவார்கள். பத்தில் ஏழு முறை தோற்பவருக்குக் கைதட்டும் விளையாட்டு இது. நம் தாத்தாக்களுக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது.

"இந்த நாட்டில் இதை யார் ஆடுகிறார்கள்? தொலைக்காட்சியில்கூடக் காட்டுவதில்லையே?"

1890களில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்த அமெரிக்கர்கள் இதைக் கொண்டுவந்தார்கள். ஜோகன்னஸ்பர்க் பகுதியில் சங்கங்கள் வழியாக வேரூன்றியது. மேற்கு கேப்பில் கலர்டு எனப்படும் கலப்பினச் சமூகத்தினரிடையே நல்ல பிடிப்பு உண்டு. நிறவெறிக் காலத்தில் மற்ற விளையாட்டுகளைப் போலவே இதுவும் தோல் நிறப்படி தனித்தனி அமைப்புகளாகப் பிரிந்து கிடந்து, 1990களில்தான் ஒன்றானது.

ரக்பி, கால்பந்து, கிரிக்கெட் மூன்றும் பணத்தையும் தொலைக்காட்சி நேரத்தையும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தில்தான் பேஸ்பால் பிழைக்கிறது. எல்லாமே உள்ளூர்ச் சங்கங்கள்தான். பெற்றோரே கோடு போடுவார்கள், பெற்றோரே புள்ளி எழுதுவார்கள், பிராய் என்று இங்கே சொல்லும் இறைச்சி சுடும் அடுப்பையும் பெற்றோரே மூட்டுவார்கள்.

"இங்கிருந்து போய் அமெரிக்காவில் பெரிய அளவில் ஆடியவர் ஒருவராவது உண்டா?"

மேஜர் லீக் என்னும் உச்சிப் படி வரை போனவர்கள் இருவர். 2017-இல் கிஃப்ட் இங்கோபே, 2019-இல் டெய்லர் ஸ்காட். முதலாமவர் பந்தைத் தடுப்பதில் கெட்டிக்காரர், இரண்டாமவர் பந்து எறிபவர். இருவரும் போன பாதைகளுக்குள் துளியும் ஒற்றுமை கிடையாது. அதனால்தான் இருவரைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

"இங்கோபே விளையாட்டுச் சங்கக் கட்டடத்திலேயே குடியிருந்து வளர்ந்தார் என்கிறார்களே, நிஜமா, சும்மா கதையா?"

நிஜம். 1990 ஜனவரியில் இன்றைய போலக்வானேயில் பிறந்தவர். அவருடைய அம்மா ராண்ட்பர்க் மெட்ஸ் சங்கத்தில் சமையலும் துப்புரவும் பராமரிப்பும் பார்த்தார். சங்கக் கட்டடத்திலேயே ஒரு சிறிய அறையில் பிள்ளைகளோடு தங்கினார். கதவைத் திறந்தால் மைதானம். மற்ற பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தார்கள், இவர் பயிற்சிக்குள்ளேயே வசித்தார். யாராவது பந்து எறிய ஆள் தேடினால் பக்கத்தில் நின்ற சிறுவன் இவர்தான்.

இதைக் கேட்டதும் "ஏழ்மையை வென்றார்" என்று நம்மவர்கள் கண்கலங்குகிறார்கள். எனக்கு வேறு ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. நிறவெறிச் சட்டங்கள் அப்போதுதான் கழன்றுகொண்டிருந்தன. வெள்ளையர் வசித்த ஒரு புறநகரில், சங்கத்தில் வேலை பார்த்த பெண்ணின் மகனை அங்கே இருந்தவர்கள் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அறை மட்டும் கிடைத்து ஆட்டம் கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிறகு இத்தாலியின் டிர்ரேனியாவில் மேஜர் லீக் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போனார். 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது.

"2008-இல் எடுத்தார்கள், 2017-இல்தான் ஆடினார் என்றால் நடுவில் என்ன செய்தார்? படிப்பா?"

படிப்பில்லை, படிக்கட்டு. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்குக் கீழும் மைனர் லீக் அணிகள் அடுக்கடுக்காக உண்டு: தொடக்கநிலை, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஒப்பந்தம் என்பது கீழ்ப்படியில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். இங்கோபே ஃபுளோரிடாவில் தொடங்கி மேற்கு வர்ஜீனியா, பிராடென்டன், ஆல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று ஊர் ஊராக ஏறி இறங்கினார். இரவெல்லாம் பஸ் பயணம், மறுநாள் ஆட்டம். தடுப்பாட்டத்தில் யாரும் குறை சொல்லவில்லை. மட்டைதான் அவரை இழுத்துப் பிடித்தது. இதற்கிடையில் 2013-இல் அம்மா இறந்துபோனார்.

ஊதியத்தையும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். வீரர்கள் தொழிற்சங்கம் அமைத்த பிறகு, 2023 உடன்படிக்கையின்படி டபுள் ஏ நிலையில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 30,250 டாலர். அதே ஆண்டு மேஜர் லீகில் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். இங்கோபே ஏறிவந்த காலத்தில் கீழ்ப்படி ஊதியம் இதைவிட மிகக் குறைவு.

"அவருடைய முதல் ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, என்ன நடந்தது?"

2017 ஏப்ரல் 26, பிட்ஸ்பர்க், எதிரணி சிக்காகோ கப்ஸ். முந்தைய ஆண்டின் உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் சாம்பியன் பட்டத்தை, வென்ற அணி அது. நான்காவது இன்னிங்ஸில் மாற்று வீரராக இறக்கப்பட்டார். அவர் சந்தித்த முதல் பிட்ச்சர் ஜான் லெஸ்டர், அக்காலத்தின் முன்னணி இடக்கை வீரர்களில் ஒருவர். முதல் வாய்ப்பிலேயே பந்தை நடுவாக அடித்து முதல் பேஸை அடைந்துவிட்டார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் மனிதர் என்று அன்றே எழுதினார்கள்.

புள்ளிவிவரப் பைத்தியங்கள் இதற்கும் ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். கேனரி தீவுகளில் பிறந்த அல்ஃப்ரெடோ கப்ரேரா 1913-இல் செயின்ட் லூயிஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர். அந்தத் தீவுகள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியிருந்தாலும் ஸ்பெயினுக்குச் சொந்தம். பெருநிலத்தில் பிறந்த முதலாமவர் இங்கோபேதான், அதில் சச்சரவு இல்லை.

"அந்த இன்னொருவர், ஸ்காட், அவரும் இப்படித்தான் போனாரா?"

இல்லை. 1992-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டெய்லர் ஸ்காட் பள்ளிப் பருவத்திலேயே அரிசோனாவுக்குப் போய்விட்டார். அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆடியதால் அமெரிக்க மாணவர்களோடு சேர்ந்து டிராஃப்ட் முறைக்குள், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குள், வந்தார். 2011-இல் ஐந்தாம் சுற்றில் சிக்காகோ கப்ஸ் எடுத்தது. அங்கே மேலே வர முடியவில்லை. எந்த மேஜர் லீக் அணியோடும் ஒட்டாத சுயேச்சை லீகில் ஆடும் நிலைக்கு இறங்கினார். பிறகு மில்வாக்கி, அங்கிருந்து ஒரு பரிமாற்றத்தில் டெக்சாஸ், கடைசியில் 2019 ஜூன் 8 அன்று சியாட்டில் அணிக்காக முதல் மேஜர் லீக் ஆட்டம்.

அந்த முதல் ஆண்டு படுமோசம். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் விட்டுக்கொடுக்கிறார் என்ற சராசரி 14-ஐத் தாண்டியது. நான்குக்குக் கீழே இருந்தால்தான் நல்லது. ஜப்பானுக்குப் போய் ஹிரோஷிமாவுக்கு ஆடினார், திரும்பி வந்தார், 2023-இல் ஒரே பருவத்தில் மூன்று அணிகளின் சட்டையைப் போட்டார். 2024-இல் ஹூஸ்டன் அணிக்காக 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இறங்கி சராசரியை 2.23-இல் நிறுத்தினார். அப்போது வயது 32. இருவரில் எனக்குப் பிடித்த கதை எது என்று கேட்டால், இதுதான். ஊடகங்களுக்கு முதல் கதை பிடிக்கும்.

"இந்த இருவரை விட்டால் வேறு யாரும் இல்லையா? நாட்டு அணி என்று ஒன்று உண்டா?"

உண்டு. பச்சையும் பொன்னும் அணிந்து 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார்கள். எட்டு அணிகளில் கடைசி இடம். ஆனால் நெதர்லாந்தை வென்றார்கள். அதே நெதர்லாந்து அந்த ஒலிம்பிக்கில் கியூபாவைத் தோற்கடித்த அணி.

தனி வீரர்களில் டர்பன் பையனான டிலன் அன்ஸ்வொர்த்தை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சியாட்டில் அணி பதின்ம வயதில் ஒப்பந்தம் செய்தது. வேகத்தை நம்பாமல் துல்லியத்தை நம்பி எறிந்து மைனர் லீகின் மேல்படிகள் வரை ஏறினார். பேரி ஆர்மிடேஜ், பால் பெல் போன்றவர்கள் அமெரிக்க அணிகளின் மைனர் லீகில் ஆடிவிட்டு வந்து நாட்டு அணியைத் தாங்கினார்கள். படிக்கட்டின் நடுவில் நின்றவர்கள்தான் எங்கும் அதிகம்.

"அமெரிக்காவிடம் 17-0 என்று தோற்றோமாமே? அப்படி ஆடுவதில் என்ன பெருமை?"

நாட்டு அணிகள் மோதும் 2006 உலக பேஸ்பால் கிளாசிக், அரிசோனா. உண்மைதான், 17-0. ஐந்து இன்னிங்ஸோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவுக்காக எறிந்தவர் ரோஜர் கிளெமென்ஸ்.

ஆனால் மூன்று நாளுக்கு முந்தைய ஆட்டத்தை யாரும் சொல்வதில்லை. கனடாவுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் முடிவில் தென்னாப்பிரிக்கா 8-7 என்று முன்னணியில் இருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் நான்கு ஓட்டங்கள் விட்டு 11-8 என்று தோற்றது. அந்தக் கனடா மறுநாளே அமெரிக்காவை 8-6 என்று வென்றது. பெருமை எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் அந்த எட்டு இன்னிங்ஸைத்தான் காட்டுவேன்.

"நம் இந்தியர்கள் யாராவது?"

2008-இல் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாக ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒப்பந்தம் செய்தது இங்கோபேயை எடுத்த அதே பிட்ஸ்பர்க் அணி. 2009-இல் மூவரும் அதே ஃபுளோரிடா தொடக்கநிலையில் ஆடினார்கள். படேல் சீக்கிரமே ஊர் திரும்பினார். ரிங்கு சிங் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, காயங்களுக்குப் பின் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். மூவரில் மேஜர் லீகைத் தொட்டவர், சிறு வயதிலிருந்தே சங்க மைதானத்தில் புரண்டவர் மட்டுமே. திறமைத் தேடல் நிகழ்ச்சிகளை நம்பும் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

அமெரிக்காவில் பிறந்து, தாய்வழியில் இந்திய வம்சாவளியினரான குமார் ராக்கர் 2024 செப்டம்பரில் டெக்சாஸ் அணிக்காக மேஜர் லீகில் இறங்கினார்.

"நாங்கள் 1860-லேயே இந்த நாட்டுக்கு வந்தவர்கள். டர்பன் தமிழர்களிலிருந்து பேஸ்பாலில் ஒரு பெரிய பெயர் வரவில்லையே, ஏன்?"

டர்பனிலிருந்து ஒரு பெரியவர் சற்றுக் கோபமாகவே கேட்ட கேள்வி. விளையாட்டு ஆர்வம் இல்லாததால் அல்ல. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து பார்க்கக் கூடிய கூட்டத்தை அவரே நன்கு அறிவார். இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் நம் மக்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் குவித்தது. வீடுகளைக் கட்டியவர்கள் மைதானங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருக்கிற கொஞ்ச நிலத்தில் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடலாம். பேஸ்பாலுக்குத் தனி மண்மேடு, வலைத்தடுப்பு, ஆளுக்கொரு கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும்.

கிரிக்கெட்டில் கதவு திறந்தபோது நம் பிள்ளைகள் போனார்கள். டர்பனில் பிறந்த, நாகப்பட்டினத்து வேர்கள் கொண்ட செனுரன் முத்துசாமி 2019-இல் விசாகப்பட்டினத்தில், இந்தியாவுக்கு எதிராகவே டெஸ்ட் அறிமுகம் பெற்றார். வீட்டில் எல்லோருக்கும் விதி தெரிந்த விளையாட்டுக்குத்தான் பிள்ளை முதலில் போகும்.

"என் மகன் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுவான். இங்கே நேரடியாக பிட்ச்சர் ஆகிவிடலாமா?"

முழங்கையை மடக்காமல் ஓடிவந்து போடும் கைக்கும், நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறியும் கைக்கும் வெவ்வேறு பழக்கம் வேண்டும். கிரிக்கெட்டிலிருந்து அப்படியே கூட வருவது பந்து பிடிப்பதும், எல்லையிலிருந்து குறிபார்த்து எறிவதும்தான். எனவே முதல் ஆண்டு வெளிக்களத்தில் நிற்கட்டும். மட்டை பிடிப்பவர்களுக்குத்தான் பழக்கம் மாறத் தாமதமாகும், நேர்மட்டை ஆசையை விட வேண்டுமே.

"பன்னிரண்டு வயதுப் பிள்ளை எத்தனை பந்து எறியலாம்? பயிற்சியாளர் இன்னும், இன்னும் என்கிறாரே?"

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது, ஆனால் இதை மிகச் சிலரே கேட்கிறார்கள். அமெரிக்காவில் மேஜர் லீகும் தேசிய பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வகுத்த வரம்பு: 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்துகள், 11, 12 வயதுக்கு 85. அதிகம் எறிந்தால் அதற்கேற்ப ஓய்வு நாள்களும் கட்டாயம். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான், அதன் பின் மீண்டும் எறிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். ஒரு சிறிய எண்ணும் கருவியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

"பெண் பிள்ளைகளுக்கு?"

பெரும்பாலும் சாஃப்ட்பால். பந்து பெரியது, கைக்கீழாக எறிவார்கள், 13.11 மீட்டர் தூரத்திலிருந்து. சிறு வயதில் பல சங்கங்கள் பையன்களோடு சேர்ந்தே பேஸ்பால் ஆடவிடுகின்றன.

"நாங்கள் சைவம். தைப்பூசச் சமயத்தில் ஆட்டம் வந்தால் என்ன செய்வது?"

இங்கே பேஸ்பால் பருவம் கோடையில், எனவே தைப்பூசக் காவடி விரதம் பருவத்தின் நடுவில்தான் விழும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிராய் புகைக்கு நடுவே எங்கள் பிள்ளைகள் தயிர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டு ஆடுகிறார்கள். இப்போது மற்ற பிள்ளைகளும் டப்பாவை எட்டிப் பார்க்கிறார்கள்.

"பதினாறு வயதில் அமெரிக்க அணிகள் எடுத்துக்கொள்வார்களாமே? ஒருவர் பணம் கேட்டார், ஏற்பாடு செய்கிறேன் என்று."

அமெரிக்கா, கனடா, பியூர்டோ ரிகோ தவிர்த்த மற்ற நாட்டுப் பையன்களை 16 வயதிலிருந்து ஒப்பந்தம் செய்யலாம் என்பது உண்மை. இங்கோபே அந்த வழியில் போனார், ஸ்காட் டிராஃப்ட் வழியில் போனார் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் ஒப்பந்தம் செய்யும் அணி பையனுக்குப் பணம் தருமே தவிர, பையனிடம் வாங்காது. பணம் கேட்டவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்குப் பொருத்தமான வழி கல்லூரிதான் என்பது என் கருத்து. உதவித்தொகை முழுதாகக் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். முதல்நிலைக் கல்லூரி அணிகளுக்கு 11.7 முழு உதவித்தொகைகள் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது, அதைப் பலருக்குப் பங்கிடுவார்கள். 2025-இல் விதி மாறி, புதிய முறையை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 34 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. பங்கிடும் பழக்கம் போய்விடவில்லை.

"இங்கோபே மொத்தம் 41 ஆட்டம்தானே ஆடினார்? ஒன்பது வருடம் உழைத்து இவ்வளவுதானா?"

பிட்ஸ்பர்க்குக்கு 28, மறு ஆண்டு டொராண்டோவுக்கு 13, கூட்டினால் 41 சரி. முதல் ஆண்டு மட்டைச் சராசரி .222. முதல் பதிலில் சொன்ன .300 கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஏன் நிலைக்கவில்லை என்பது புரியும். அதன் பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை, ஆஸ்திரேலிய லீகிலும் ஆடினார். தம்பி விக்டரையும் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்தது.

தொடக்கநிலையில் நுழைபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாமல் வீடு திரும்புகிறார்கள். அந்த வரிசையில் நின்று பார்த்தால் 41 பெரிய எண். பாட்டி ஒருவருக்கு இந்தப் பதில் போதவில்லை. "ஒன்பது வருடத்தில் டாக்டரே ஆகியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"நாங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறோம். பிள்ளை நன்றாக ஆடினால் எந்த நாட்டுக்கு ஆடுவான்?"

சங்கத்துக்கு ஆடப் பாஸ்போர்ட் தேவையில்லை. உலக பேஸ்பால் கிளாசிக் விதிகள் தளர்வானவை. குடியுரிமை, சட்டப்படியான நிரந்தர வதிவிடம், அந்த நாட்டில் பிறப்பு, அல்லது பெற்றோரில் ஒருவரின் குடியுரிமை அல்லது பிறப்பு, இவற்றில் ஒன்று போதும். எனவே இங்கே நிரந்தர வதிவிடம் பெற்ற இந்தியப் பிள்ளை தென்னாப்பிரிக்காவுக்கும் ஆடலாம், இந்தியாவுக்கும் ஆடலாம்.

ஒலிம்பிக் அப்படியல்ல. 2028 லாஸ் ஏஞ்சலஸில் பேஸ்பாலும் கிரிக்கெட்டும் திரும்பி வருகின்றன, பேஸ்பாலுக்கு ஆறு அணிகள் மட்டுமே. அங்கே எந்த நாட்டுக்கு ஆடுகிறானோ அந்த நாட்டுக் குடியுரிமை கட்டாயம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், தென்னாப்பிரிக்கக் குடியுரிமை எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த முடிவைப் பதின்மூன்று வயதில் எடுக்க வேண்டாம். பையன் மாகாண அணிக்குத் தேர்வாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.